ஜாமீன் கிடைத்தும் உள்ளே இருப்பவர்களுக்காக ஆள் தேவை

தாராவி, சயான் கோலிவாடா, செம்பூர் தமிழ் மக்களுக்கு வணக்கம். மராத்தி எழுதப் படிக்கத் தெரிந்த ஐந்தாறு பேர் ஞாயிறு காலை இரண்டு மணி நேரம் தர முடியுமா?

ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும், பிணையாள் (அவருக்காகக் கோர்ட்டில் பொறுப்பேற்பவர்) இல்லாமல் சிறையிலேயே கிடக்கும் ஏழைகளுக்கு மனு எழுத வேண்டும். பெரும்பாலும் காகிதத்தில்தான் சிக்கல். ஆதாரில் ‘செ. முருகன்’, ரேஷன் கார்டில் ‘முருகன் செல்லையா’ என்று இருந்தால் பிணையாளைத் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள். இரண்டும் ஒரே ஆள் என்று முன்கூட்டியே அஃபிடவிட் போட்டுவிட்டால் ஒரு நடை மிச்சம்.

ஊரில் நிலம் வைத்திருக்கும் அண்ணன் வந்தால் ‘உள்ளூர் ஆள் வேண்டும்’ என்பார்கள். இது அநியாயம். 1978-லேயே மோதி ராம் என்ற கொத்தனாரின் வழக்கில், வேறு மாவட்டத்துப் பிணையாள் என்று தள்ளியதை உச்ச நீதிமன்றம் கண்டித்து, 1,000 ரூபாய்க்கு அவரே எழுதித் தரும் சொந்தப் பிணைப் பத்திரத்தில் அவரை விடச் சொன்னது. பிணை கட்ட முடியாமல் ஒரு மாதம் ஓடினால் கோர்ட்டே நிபந்தனையைத் தளர்த்தலாம் என்று உச்ச நீதிமன்றத்தின் 2023 ஜனவரி 31 உத்தரவும் இருக்கிறது. மனுவில் இரண்டையும் தேதியோடு எழுதுங்கள். ஆள் பிடிபட்ட தேதி, ஜாமீன் தேதி, சம்பளம், வாடகை எல்லாம் வேண்டும்.

காவலில் இருப்பவருக்கு வருமானம் பார்க்காமல் இலவச வக்கீல் உண்டு, சட்ட உதவி எண் 15100-க்கு அழைக்கலாம். கோர்ட் வாசலில் காசுக்குப் பிணை நிற்பவர்களிடம் மட்டும் போகாதீர்கள். போலிக் காகிதம் மாட்டினால் ஜாமீனே ரத்தாகலாம்.

வர முடிந்தவர்கள் கீழே பெயரும் பகுதியும் போடுங்கள். ஓய்வு பெற்ற கோர்ட் கிளார்க் யாராவது இருந்தால், ஐயா, உங்களைத்தான் முதலில் தேடுகிறோம்.