பிஎச்டி காலத்தில் உங்கள் மேசை எங்கே இருந்தது?

மூலைமேசை:
பிஎச்டி மூன்றாம் வருடம் என்னைக் கீழ்மாடிக்கு மாற்றினார்கள். மேலே ஆய்வகத்தில் நெருக்கடி, கீழே ஒரு அறை காலி, சரி என்று தலையாட்டிவிட்டேன். ஆறு மாதம் கழித்து காபிக்காக மேலே போனால் வெள்ளைப்பலகை முழுக்க என் ஆய்வேட்டின் இரண்டாம் அத்தியாயத்து வரைபடம், பாதி அழித்துத் திருத்தியிருக்கிறது, ஓரத்தில் நெறியாளரின் கையெழுத்து. "உனக்குத் தெரியும்னு நினைச்சோம்" என்றான் கூடப் படிப்பவன். யாரும் மறைக்கவில்லை, அதுதான் குத்துகிறது. காலிக் கோப்பையோடு அந்தப் பலகை முன்னால் எவ்வளவு நேரம் நின்றேனோ.

பகுதிநேரம்:
உங்களுக்கு மேசையாவது இருந்தது. பகுதிநேர ஆய்வாளர் என்றால் காலியாக இருக்கும் இடத்தில் உட்கார வேண்டியதுதான். ஒருநாள் இடத்துக்குச் சொந்தக்காரர் வந்துவிட்டார். எழுந்திருக்கச் சொல்லவில்லை, பின்னாலேயே நின்றார். வைவாவில், அதாவது கடைசி வாய்மொழித் தேர்வில், கேட்ட கேள்விகளெல்லாம் மறந்துபோச்சு, அந்த மூச்சுச் சத்தம் மறக்கவில்லை.

எதிர்க்கதவு:
மூலைமேசை, மாடியைக் குறை சொல்லாதீர்கள். நான் நாலு வருடம் நெறியாளரின் கதவுக்கு நேர் எதிரே இருந்தேன், கதவு கிரீச்சென்றால் கை தானாகத் திரையை மாற்றும். என் கதை அவ்வளவுதான். ஆனால் இனி சேர்பவர்களுக்குச் சொல்கிறேன்: வாரம் ஒரு நாள், ஒரே நேரம் என்று சந்திப்பை முதல் மாதமே உறுதிசெய்துகொள்ளுங்கள், போகும்போது ஒரு பக்கமாவது எழுதிக்கொண்டு போங்கள், பேசியதை அன்றே மின்னஞ்சலில் போட்டுவிடுங்கள், மதியச் சாப்பாட்டை மேசையிலேயே முடிக்காதீர்கள், குழுவோடு உட்காருங்கள், அப்புறம் மாடி எதுவானாலும் ஒன்றுதான்.

மூலைமேசை:
ஒன்றல்ல. அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் தாமஸ் ஆலன் என்ற பேராசிரியர் 1970களிலேயே பொறியாளர்களை வைத்துப் பார்த்துவிட்டார், மேசைகளுக்கு இடையே சில பத்து மீட்டர் கூடினாலே பேச்சு சரசரவென்று குறைகிறது. சந்திப்பு வாரம் தவறாமல் நடந்தது ஐயா. பலகையில் போட்டது சந்திப்பில் வரவில்லை.

படிக்கட்டு:
அதற்காக எல்லாரையும் ஒரே கூடத்தில் போட்டாலும் சரியாகாது. இரண்டு நிறுவனங்கள் திறந்த கூடத்துக்கு மாறியபோது நேரில் பேசுவது ஏறக்குறைய 70 சதவீதம் குறைந்தது என்று 2018இல் ஓர் ஆய்வு வந்தது. எங்கள் கூடத்திலும் எல்லார் காதிலும் ஹெட்போன். கட்டுரை நிராகரிக்கப்பட்ட அன்று அழுவதற்கு இடமில்லாமல் அவசரப் படிக்கட்டுக்குப் போனேன், அங்கே ஏற்கெனவே ஒருத்தர் உட்கார்ந்திருந்தார், முகத்தைத் துடைத்துக்கொண்டு நகர்ந்து இடம் விட்டார்.
"எத்தனாவது வருஷம்?"
"அஞ்சு."
"நானும்."
அவர் எங்கள் கூடத்தில்தான் உட்கார்கிறாராம்.