புதுப்பிப்பு: கில்டான் கப்பலின் ராக்கெட் ஏவி எது?

இந்தியக் கடற்படையின் பழைய போர்க்கப்பலான ஐஎன்எஸ் கில்டானின் பழைய படத்தில், கப்பலைச் செலுத்தும் அறைக்கு முன்னால் இருந்த ராக்கெட் ஏவியை ஆர்பியூ-6000 (நீர்மூழ்கிகளைத் தாக்கும் சோவியத் ஏவி வகைகளில் ஒன்று) என்று முன்பு எழுதியிருந்தேன். அது தவறு. அது ஆர்பியூ-2500.

படத்தைப் பெரிதாக்கிக் குழாய்களை எண்ணினேன்: மேலும் கீழுமாக எட்டெட்டு, மொத்தம் 16. ஆர்பியூ-6000 என்றால் 12 குழாய்கள், குதிரை லாட வடிவில் வளைந்திருக்கும். குழாய்களைச் செங்குத்தாக நிமிர்த்தினால் தளத்துக்குக் கீழிருந்து ராக்கெட்டுகள் தானாக ஏறும். 2500-இல் ஆட்கள்தான் கையால் நிரப்ப வேண்டும். பெயரிலுள்ள எண், தோராயமாக மீட்டரில் எட்டும் தூரம்.

கில்டான் சாதாரணக் கப்பலா? 1971-இல் கராச்சித் தாக்குதலுக்கு ஏவுகணைப் படகுகளோடு சென்றது. அதன் ஆயுதத்தைச் சரியாகச் சொல்ல வேண்டும் என்பதற்காகவே இந்தத் திருத்தம்.

அப்புறம், இனி முதலில் குழாய்களை எண்ணுவேன்.