கில்ட் தைக்க எளிமையான, சத்தம் குறைந்த மிஷின் எது?

மூன்றாம்மாடி:

வணக்கம். அம்மாவுடைய பழைய சுங்குடிச் சேலைகள் பதினைந்துக்கு மேல் இருக்கின்றன. கிழிந்ததும் சாயம் போனதும்தான், ஆனாலும் தூக்கிப் போட மனசு வரவில்லை. சதுரம் சதுரமாக வெட்டி இணைத்து, நடுவில் மெல்லிய பஞ்சு விரிப்பு வைத்து இரண்டு போர்வை, அதாவது கில்ட், தைக்கலாம் என்று ஆசை. பாட்டியின் கால் மிஷினில் பாவாடை ஓரம் அடித்ததுதான் என் மொத்த அனுபவம், இப்போது வீட்டில் எந்த மிஷினும் இல்லை. எட்டு மாதக் குழந்தை தூங்கிய பிறகுதான் எனக்கு நேரம் கிடைக்கும், அதாவது இரவு ஒன்பதரைக்கு மேல், அதுவும் ஒரே ஒரு படுக்கையறை உள்ள வீடு, கீழ் வீட்டில் வயசானவர்கள். பூ வேலை, நூறு டிசைன் எதுவும் வேண்டாம், நேர்த்தையல் ஒழுங்காக விழுந்தால் போதும். கடையில் கேட்டால் "எல்லாமே சைலண்ட்தான் மேடம்" என்கிறார்கள். எதைப் பார்த்து வாங்குவது?

நூல்கண்டு:

கம்பெனிப் பெயரைக் கொஞ்சம் ஓரமாக வையுங்கள். பாபின், அதாவது அடிநூல் சுற்றிய சின்ன உருளை, எங்கே போடுவது என்று முதலில் பாருங்கள். முன்பக்க மூடியைத் திறந்து பாபின் கேஸோடு செருகும் வகைதான் விலை குறைந்த மிஷின்களில் அதிகம். அதில் உள்ளே மேல்நூலைப் பிடித்து அடிநூலோடு பின்னும் கொக்கி முழுசாகச் சுற்றாது, பாதி போய்த் திரும்பி வரும். ஒவ்வொரு தையலுக்கும் இப்படிப் போய்ப் போய் வருவதால்தான் அந்தக் கடகடப்பு. ஊசிக்கு முன்னால், மேலிருந்தே பாபினை உள்ளே போடும் வகையில் பெரும்பாலும் கொக்கி ஒரே திசையில் சுற்றும், ரோட்டரி ஹூக் என்று கேட்டால் கடைக்காரருக்குத் தெரியும். சத்தம் நன்றாகவே குறையும், பாபினில் நூல் எவ்வளவு மிச்சம் என்பதும் மூடி வழியே தெரியும். போர்வை ஓட்டும்போது பாதியில் பாபின் தீர்ந்துபோவது எவ்வளவு எரிச்சல் என்று இரண்டு நாளில் உங்களுக்கே புரியும்.

இன்னொன்று, வேகத்துக்குத் தனியாக ஒரு தள்ளுபொத்தான் இருந்தால் நல்லது. அதைக் குறைத்து வைத்துவிட்டால் பெடலை எவ்வளவு அழுத்தினாலும் பாயாது. மெதுவாக ஓடும் மிஷின் பாதிச் சத்தம்தான் போடும். யாராவது "உறுதியாக இருக்கும், பவர் மிஷின் வாங்கு" என்று சொன்னால் கேட்காதீர்கள், அது கார்மெண்ட்ஸுக்கு. பழைய கிளட்ச் மோட்டார் வைத்ததென்றால் தைக்காமல் சும்மா இருக்கும்போதும் உறுமிக்கொண்டே இருக்கும்.

பழைய_இரும்பு:

பாட்டியின் கால் மிஷின் எங்கே போனது தங்கச்சி? யாருக்காவது கொடுத்துவிட்டீர்களா? கில்டுக்கு அதைவிட எளிமையான மிஷின் கிடையாது. மோட்டாரே இல்லை, வார்ப்பிரும்பு உடம்பு என்பதால் அதிர்வும் குறைவு, மெதுவாக மிதித்தால் டிக் டிக் என்று ஒரு சத்தம், அவ்வளவுதான். என்னிடம் இருப்பது அப்பா காலத்து உஷா, தோல் பெல்ட்டை மட்டும் மாற்றினேன். கடகட என்று கத்தும் கால் மிஷின் என்றால் எண்ணெய் இல்லாமல் காய்ந்திருக்கும், இல்லையென்றால் ஷட்டிலுக்குள், அதாவது அடியில் பாபினைச் சுற்றி ஓடும் கொக்கிப் பகுதிக்குள், பஞ்சு அடைத்திருக்கும். பிரஷ்ஷால் தட்டிவிட்டு ஷட்டில் ஓடும் பள்ளத்தில் ஒரே ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விட்டுப் பாருங்கள். தேங்காயெண்ணெய் விடாதீர்கள், பிசின் மாதிரி இறுகிவிடும். என் வீட்டிலேயே அந்தக் கூத்து நடந்தது.

புது மிஷின்தான் என்றால் மேஜையையும் கவனியுங்கள். மெல்லிய பிளைவுட் மேஜை தவில் மாதிரி அதிரும். அடியில் பழைய யோகா பாயை இரண்டாக மடித்துப் போடுங்கள், மேஜை கால்களுக்கும் ரப்பர் வையுங்கள். கீழ் வீட்டுக்குப் போவது மிஷின் சத்தம் இல்லை, தரை வழியே இறங்கும் அதிர்வுதான்.

பனிக்கூரை:

டொராண்டோவிலிருந்து எழுதுகிறேன், ஏழெட்டு கில்ட் முடித்திருக்கிறேன். இங்கே கில்ட் தைக்கும் பாட்டிகள் சிங்கர் 221, ஃபெதர்வெயிட் என்ற குட்டிக் கறுப்பு மிஷினைத் தலையில் வைத்துக் கொண்டாடுவார்கள். 1933இல் வந்தது, அலுமினிய உடம்பு, ஐந்து கிலோ சொச்சம், நேர்த்தையல் மட்டும்தான் போடும். யாராவது உறவினர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவருகிறேன் என்றால் அது 110 வோல்ட் மிஷின், ஊரில் டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் மோட்டார் போய்விடும். எதற்குச் சொல்கிறேன் என்றால், கில்டுக்கு நேர்த்தையலே போதும் என்று நீங்கள் நினைப்பது சரிதான்.

ஆனால் துண்டுகளை இணைப்பது வேறு, மூன்று அடுக்கையும் சேர்த்து ஓட்டுவது வேறு. இணைக்கும்போது சன்னமான துணி இரண்டு அடுக்குதான், எந்தச் சின்ன மிஷினும் போதும், கால் இஞ்ச் ஓரம் விட்டுத் தைக்க அதற்கென்றே ஒரு ஃபுட் (ஊசிக்கு அடியில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதம்) வாங்கிக்கொள்ளுங்கள். அடுக்கு ஓட்டும்போதுதான் மேல் துணி நகர்ந்து சுருக்கம் விழும். அதற்கு, மேல் துணியையும் கீழ்த் துணியோடு சேர்த்து நகர்த்தும் வாக்கிங் ஃபுட் மாட்டச் சொல்வார்கள், நானும் அதைத்தான் சொல்வேன், ஆனால் அந்த ஃபுட்டே டக் டக் என்று அடிக்கும் என்பதை யாரும் சொல்வதில்லை! எவ்வளவு சைலண்ட் மிஷினானாலும் அதை மாட்டினால் குழந்தை எழுந்துவிடும். நான் செய்தது: இணைப்பு வேலை மட்டும் மிஷினில், அடுக்கு ஓட்டியது கையால். பஞ்சு மெல்லியதாக இருந்தால் ஓட்டுத்தையல் சுலபமாகப் போகும். டிவி பார்த்துக்கொண்டே ஒரு போர்வைக்கு எனக்கு இரண்டு மாதம் ஆனது.

மூன்றாம்மாடி:

எல்லோருக்கும் நன்றி. பாட்டியின் மிஷின் சித்தப்பா வீட்டில் பூச்சட்டி வைக்கும் மேஜையாக இருக்கிறதாம், இரும்புக் கால் மட்டும்தான் மிச்சம், தலையைக் காணோம். அதனால் இன்று கடைக்குப் போனேன், சேலைத் துணி, பஞ்சு, அடித்துணி மூன்றையும் அடுக்கி எடுத்துக்கொண்டு. மேலே பாபின் போடும் மிஷின் உண்மையிலேயே அமைதியாக இருந்தது, பக்கத்திலிருந்த இன்னொன்றை ஓட்டிக் காட்டியபோது வித்தியாசம் நன்றாகத் தெரிந்தது. ஆனால் என் மூன்று அடுக்கில், துண்டுகள் இணையும் தடித்த இடத்தில் தையல் விட்டு விட்டு விழுந்தது, ஒரு தடவை நூலும் அறுந்தது. இந்த மிஷின் கில்டுக்குத் தாங்காது என்று அர்த்தமா?

நூல்கண்டு:

ஊசி என்ன நம்பர் போட்டிருந்தார்கள்?

மூன்றாம்மாடி:

இப்போதுதான் போன் செய்து கேட்டேன். 11.

நூல்கண்டு:

அதானே! 11 வெறும் சேலைத் துணி இணைக்கச் சரி. பஞ்சோடு மூன்று அடுக்குக்கு 14 போடுங்கள், அப்போதும் தையல் விட்டு விழுந்தால் 16. தையல் நீளத்தை 3க்கு ஏற்றிவிட்டு, தடித்த இடம் வந்தால் பெடலை விட்டுவிட்டுக் கையால் சக்கரத்தைச் சுற்றிக் கடந்துபோங்கள். மிஷினைக் குற்றம் சொல்ல அப்புறம் பார்க்கலாம்.

மூன்றாம்மாடி:

சரி, நாளைக்கு 14, 16 இரண்டையும் வாங்கிக்கொண்டு மறுபடி போகிறேன். என்னைப் பார்த்ததும் அந்தக் கடைக்காரத் தம்பி சாப்பிடப் போய்விடுவான் என்று நினைக்கிறேன்.