புதுப்பிப்பு: பரமக்குடியில் கிடைத்த பங்காளிகள்

மதுரைச் சௌராஷ்டிரர்களான எங்கள் வீட்டுப் பெயரையே கொண்ட பரமக்குடிக் குடும்பத்தார் எங்களுக்குப் பங்காளிகளா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன், ஆம், பங்காளிகளேதான்.

1922இல் மதுரையில் பிறந்த டி.எம். சௌந்தரராஜனின் பெயரில் 'டி' என்பது 'தொகுளுவா' என்ற வீட்டுப் பெயரைக் குறிப்பதைப் போல, எங்கள் தாத்தாவின் கிரயப் பத்திரத்திலும் வீட்டுப் பெயர் ஓரெழுத்தாகச் சுருங்கியிருந்ததால், அதைக் கொண்டு மேலே செல்ல வழியில்லாமல் இருந்தது. கோத்திரம் ஒன்றாக இருந்ததும் எனக்குப் போதுமான சான்றாகப் படவில்லை.

அங்கே பெரியப்பா முறையாகும் முதியவர், ஓரம் செல்லரித்த நெசவுக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தைப் பிரித்துக் காட்டினார். என் கொள்ளுத்தாத்தாவின் தம்பி பெயரும், அவர் விட்டு வந்த மதுரைத் தெருவின் பெயரும் மங்கிய மையில் இருந்தன. தொட்டுப் பார்க்கையில் கண் கலங்கிவிட்டது.

ஆவணி அவிட்டத்துக்கு அவர்கள் மதுரைக்கு வருகிறார்கள்.