நிச்சயதார்த்த மோதிரம்: ரவுண்டா, ஓவலா?

கரூர்க்காரன்: தை மாதம் நிச்சயதார்த்தம். 70 சென்ட்டில் (0.70 கேரட்) ஒற்றைக்கல் வைர மோதிரம் பார்க்கிறோம். அவளுக்கு ஓவல் பிடித்திருக்கிறது. அம்மாவோ, வைரம் என்றால் வட்டம்தான் என்கிறார். அதே எடை, அதே நிறத்தில் ஓவல் விலை குறைவாக இருக்கிறது. அதுதான் எனக்குச் சந்தேகம்.

கல்பார்வை: அம்மா சொல்வதைக் கேளுங்கள் தம்பி. ஓவல் மட்டமான கல் என்பதால் விலை குறையவில்லை. ரவுண்டு தீட்டும்போது மூலக்கல்லில் பாதிக்குமேல் தூளாகப் போகும். அந்தச் சேதாரமும் விலையில் ஏறும். ஆனால் அதற்குப் பலன் உண்டு. 1919-இல் மார்செல் டோல்கோவ்ஸ்கி என்ற வைர நிபுணர் எந்தக் கோணத்தில் பட்டை வைத்தால் ஒளி அதிகம் திரும்பும் என்று கணக்கிட்டது ரவுண்டுக்குத்தான். வைரத்தைச் சோதித்துத் தரம் சொல்லும் ஜி.ஐ.ஏ. நிறுவனத்தின் சான்றிதழிலும் ரவுண்டுக்குத்தான் கட் கிரேடு, அதாவது எவ்வளவு நன்றாகத் தீட்டியிருக்கிறது என்ற மதிப்பெண். ஓவலுக்கு பாலிஷ், சிமெட்ரியோடு சரி. எதை நம்பி வாங்குவீர்கள்?

ஓவல்ரசிகை: கண்ணை நம்பித்தான் அண்ணா. சான்றிதழையா விரலில் மாட்டப்போகிறாள்? ஒரு கேரட் ரவுண்டு சுமார் 6.5 மில்லிமீட்டர்தான். அதே எடையில் ஓவல் நீளவாக்கில் 7.5-ஐத் தாண்டும். கல்லும் பெரிதாகத் தெரியும், விரலும் நீளமாகத் தெரியும்.

கல்பார்வை: கண்ணை நம்பலாம், கடை விளக்கை நம்பக்கூடாது. அந்த வெளிச்சத்தில் கண்ணாடிச் சில்லும் மின்னும். ஓவலின் நடுவே குறுக்காக போ-டை (கோட்டுக்குக் கழுத்தில் கட்டும் வில் முடிச்சு) மாதிரி ஒரு கறுப்பு நிழல் விழுமே, அதை ஏன் சொல்லவில்லை?

ஓவல்ரசிகை: விழும், ஒத்துக்கொள்கிறேன். குனிந்து பார்க்கும்போது நம் தலை மறைக்கிற வெளிச்சம்தான் அப்படித் தெரிகிறது. கல்லை வாசல் பக்கம் கொண்டுபோய் மெதுவாக ஆட்டிப் பாருங்கள். நிழல் கலைந்தால் நல்ல கல். ஆணி அடித்தாற்போல் நின்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். நான் ஆறு கல்லைக் கழித்து ஏழாவதை எடுத்தேன். கடைப்பையன் முகம் போன போக்கைப் பார்க்கணும்!

மாம்பலம்மாமி: சதுரமாக இருக்கும் பிரின்சஸ் கட்டில் மட்டும் விழுந்துவிடாதே தம்பி. நான் அடம்பிடித்து வாங்கியது. ஒருநாள் குக்கர் மூடியில் இடித்து ஒரு முனை பெயர்ந்துவிட்டது. "வைரமாவது, உடைவதாவது" என்று இவர் சிரித்தார். லென்ஸில் பார்த்தால் எலி கொறித்த பிஸ்கட்! வைரத்தில் எளிதில் கீறல் விழாது, சரி. முனையில் அடிபட்டால் சில்லு போகும். நாலு முனையையும் மூடிப் பிடிக்கிற செட்டிங் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மௌனராகு: செவ்வகமாகத் தீட்டும் எமரால்டு கட் யாருக்கும் நினைவு வரவில்லையா? சத்தமில்லாத அழகு.

கல்பார்வை: அழகுதான். ஆனால் படிக்கட்டு மாதிரி அகலமான பட்டைகள், திறந்த ஜன்னல்போல. காகபாதம், களங்கம், விந்து, ஏகை என்று சிலப்பதிகாரம் ஊர்காண் காதை சொல்லும் குற்றம் எது இருந்தாலும் வெளியே தெரியும். ரவுண்டில் மினுமினுப்பு பாதியை மறைத்துவிடும். எமரால்டு கட் என்றால் விஎஸ்1 என்ற தெளிவுத் தரத்துக்குக் (உள்ளே குறை மிகக் கொஞ்சம்) கீழே இறங்காதீர்கள். அப்புறம் இன்னொன்று, நாளைக்கு விற்க நேர்ந்தால் ரவுண்டுக்குத்தான் ஆள் கிடைக்கும்.

ஓவல்ரசிகை: நிச்சயமே ஆகவில்லை, அதற்குள் விற்கிற கணக்கா?

கல்பார்வை: தொழில் புத்தி, விடம்மா. தம்பி, ஓவல்தான் என்று முடிவானால் நீளத்தை அகலத்தால் வகுத்துப் பாருங்கள். 1.35-லிருந்து 1.5 வரை வந்தால் பார்க்க லட்சணமாக இருக்கும். குறைந்தால் நசுங்கிய ரவுண்டு மாதிரி ஆகிவிடும்.

கரூர்க்காரன்: சனிக்கிழமை மூன்று பேரும் போகிறோம். கடை வாசலில் வெயில் விழுமா என்று போன் போட்டுக் கேட்டுவிட்டேன். அந்தக் கறுப்பு நிழல் சமாச்சாரத்தை அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.