ஒரே கோழியில் நாலு இடத்தில் நாலு டிகிரி: தெர்மோமீட்டர் பழுதா, குத்தும் இடம் தவறா?

அகப்பை:

வணக்கம். ஒரு மாதத்துக்கு முன்னால் டிஜிட்டல் ப்ரோப் தெர்மோமீட்டர் ஒன்று வாங்கினேன். கம்பியை மடக்கி வைக்கலாம், கறியில் குத்தினால் சில வினாடிகளில் டிகிரி காட்டும், அந்த வகை. வீட்டில் சின்னப் பிள்ளையும் வயதான அம்மாவும் இருக்கிறார்கள், அதனால் கோழி வேகாமல் போய்விடுமோ என்ற பயத்தில் எப்போதும் கால் மணி நேரம் கூடுதலாகவே வைப்பேன், நெஞ்சுக்கறி சக்கையாகிவிடும். இனிமேல் எண்ணைப் பார்த்து நிறுத்தலாம் என்று நம்பித்தான் வாங்கினேன்.

போன ஞாயிறு ஒன்றரைக் கிலோ முழுக் கோழியை ஓவனில் வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்து நெஞ்சில் குத்தினால் 74. சரி, வெந்துவிட்டது என்று வெளியே எடுத்துத் தொடையில் குத்தினேன், 66. அதே தொடையில் விரலளவு தள்ளிக் குத்தினால் 81. குழம்பிப் போய் நெஞ்சிலேயே இன்னொரு இடத்தில் பார்த்தேன், 69. வெட்டிப் பார்த்தால் தொடை எலும்பை ஒட்டி இளஞ்சிவப்பு. பயந்துபோய்த் திரும்பவும் 20 நிமிடம் உள்ளே வைத்தேன், பழையபடி சக்கை.

மீட்டர் பழுதா? எவ்வளவு ஆழம் குத்த வேண்டும்? எலும்போரம் சிவப்பாக இருந்தால் சாப்பிடக் கூடாதா? 74 என்பது எல்லாக் கறிக்கும் ஒரே கணக்கா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

தணல்:

மீட்டரைச் சந்தேகப்படும் முன் ஐந்து நிமிடம் செலவழித்துச் சோதித்துவிடுங்கள். ஒரு டம்ளர் நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, இடைவெளி நிரம்பும் அளவுக்கு மட்டும் குளிர்ந்த தண்ணீர் ஊற்றி, நன்றாகக் கலக்கி இரண்டு நிமிடம் விடுங்கள். பிறகு கம்பியை நடுவில், அடியிலும் ஓரத்திலும் படாமல் பிடித்துக் கலக்கிக்கொண்டே பாருங்கள். 0 காட்ட வேண்டும், ஒரு டிகிரி முன்பின் இருந்தால் சமையலுக்குப் பரவாயில்லை. தண்ணீரில் நாலு ஐஸ் கட்டி மிதக்கவிட்டுச் சோதிக்காதீர்கள், அந்தத் தண்ணீர் மூன்று நாலு டிகிரியில் நிற்கும், நல்ல மீட்டரைத் தூக்கிப் போட்டுவிடுவீர்கள். கொதிநீரிலும் பார்க்கலாம், ஆனால் 100 என்பது கடல் மட்டத்தில்தான், உயரம் ஏற ஏற சுமார் 300 மீட்டருக்கு ஒரு டிகிரி வீதம் குறையும்.

ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தால் மீட்டர் சரியாகத்தான் இருக்கிறது என்று தோன்றுகிறது. அந்த நாலு எண்ணும் உண்மையாகவே இருக்கலாம். சூடு வெளியிலிருந்து உள்ளே மெதுவாக நகர்கிறது, அதனால் ஓவனிலிருந்து எடுக்கும் நேரத்தில் தோலுக்கு அடியில் 90ஐத் தொட்டிருக்கும், நடுவில் 65 கூட இருக்காது. ஒரு சென்டிமீட்டர் தள்ளினாலே பத்து டிகிரி மாறும். உங்கள் மீட்டரின் சென்ஸார் கம்பி முழுக்க இல்லை, முனையில் சில மில்லிமீட்டர் மட்டும்தான். பழைய வட்ட முகப்பு, முள் உள்ள மீட்டரில் ஐந்தாறு சென்டிமீட்டர் நீளத்துக்கு உணர்ந்து சராசரி காட்டும். டிஜிட்டலில் அப்படி இல்லை, முனை எங்கே நிற்கிறதோ அந்த இடத்தின் சூடு மட்டும்தான் திரையில் வரும். "கோழி 74 ஆகிவிட்டது" என்பது சரியில்லை, கோழிக்குள் ஓர் இடம் 74 ஆகியிருக்கிறது, அவ்வளவுதான்.

அதனால் தேட வேண்டியது ஆகக் குறைந்த எண்ணை. முனை நடுவைத் தாண்டும்வரை ஆழமாகக் குத்திவிட்டு மிக மெதுவாக வெளியே இழுங்கள், எண் இறங்கிக்கொண்டே வந்து ஓர் இடத்தில் நின்று மறுபடி ஏறும். அந்த அடிமட்ட எண்தான் கணக்கு. நெஞ்சில் கழுத்துப் பக்கத்திலிருந்து எலும்புக்கு இணையாக, தடித்த இடத்தில் குத்துங்கள். தொடையில் உடம்போடு சேரும் உட்பக்கம், எலும்பைத் தொடாமல். முனை எலும்பைத் தொட்டால் வருவது எலும்பின் சூடு, கறியின் சூடு இல்லை. கறியைத் தாண்டி வயிற்றுக்குள் போய்விட்டால் அங்கிருக்கும் சூடான காற்றைக் காட்டும். உங்கள் 81 இந்த இரண்டில் ஒன்றாக இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

இன்னொன்று, மீட்டர் எண் நிற்கும்வரை பொறுத்திருங்கள். முனையில் இருக்கும் சென்ஸார் தெர்மோகப்பிள் வகை என்றால் இரண்டு மூன்று வினாடியில் நின்றுவிடும், தெர்மிஸ்டர் வகை என்றால் பத்து வினாடிக்கு மேலும் ஆகலாம். ஏறிக்கொண்டிருக்கும்போதே உருவிவிட்டால் குறைவாகப் படிப்பீர்கள்.

செம்பருத்தி:

நிறத்தைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இந்த ஒரு குழப்பத்தால் எத்தனையோ கோழி வீணாகிறது, சில நேரம் அதைவிட மோசமானதும் நடக்கிறது.

எலும்போரச் சிவப்பு வேகாததற்கு அடையாளம் இல்லை. இளங்கோழியின் எலும்பில் நுண்துளை அதிகம், மஜ்ஜையின் நிறம் கறிக்குள் கசியும், ஃப்ரீஸரில் வைத்து எடுத்த கோழியில் இன்னும் அதிகமாகக் கசியும். 80 டிகிரியில் வெந்தாலும் அந்தச் சிவப்பு போகாமல் இருக்கலாம். இதற்கு நேர் எதிராக, கொத்துக்கறி சில நேரம் பாதுகாப்பான சூட்டை எட்டும் முன்னரே பழுப்பாகிவிடும், பார்க்க நன்றாக வெந்தது போல இருக்கும், உள்ளே கிருமி உயிரோடு இருக்கும். நிறம் இரண்டு பக்கமும் ஏமாற்றும். "சாறு தெளிவாக வந்தால் வெந்தது" என்பதும் இதே கதைதான்.

எண்களுக்கு வருவோம். அமெரிக்க வேளாண்மைத் துறை சொல்லும் கணக்கு: கோழி, வான்கோழி எல்லாம் 74. கொத்துக்கறி 71. ஆடு, மாடு, பன்றியின் முழுத்துண்டு 63, எடுத்த பிறகு மூன்று நிமிடம் அப்படியே விட வேண்டும். பன்றிக்கு முன்பு 71 என்று இருந்தது, 2011இல்தான் 63 ஆக்கினார்கள். முழுத்துண்டுக்கு ஏன் குறைவு என்றால், கிருமி பெரும்பாலும் வெளிப்பரப்பில்தான் இருக்கும், வெளிப்பக்கம் எப்படியும் நன்றாகச் சூடாகிவிடும். அரைத்தால் வெளியில் இருந்தது உள்ளே போய்விடுகிறது. மென்மையாக்குவதற்காக ஊசியால் குத்திய கறி, சுருட்டிக் கட்டிய கறி எல்லாவற்றுக்கும் இதே கவலை உண்டு, அவற்றை நான் கொத்துக்கறி கணக்கில்தான் வைப்பேன்.

இந்த 74ஐ வைத்துப் பயப்படுபவர்கள் கவனிக்க வேண்டியது, கிருமி சாவது சூட்டால் மட்டும் இல்லை, அந்தச் சூட்டில் எவ்வளவு நேரம் நின்றது என்பதும் சேர்ந்துதான். பிரிட்டனின் உணவுத் தர முகமை கொடுக்கும் பட்டியலில் 60 டிகிரி என்றால் 45 நிமிடம், 65 என்றால் 10 நிமிடம், 70 என்றால் 2 நிமிடம், 75 என்றால் 30 வினாடி, 80 என்றால் 6 வினாடி, இவையெல்லாம் ஒன்றுக்கொன்று சமம். 74 என்பது நேரத்தை எண்ணத் தேவையில்லாத, எல்லாருக்கும் சொல்லத் தோதான எண். நெஞ்சின் ஆகக் குறைந்த இடம் 71இல் இருக்கும்போது எடுத்து மூடி வைத்தால், அது ஓய்வில் இரண்டு மூன்று டிகிரி ஏறி அங்கேயே பல நிமிடம் நிற்கும். அது வெந்த கோழிதான். ஏறுகிறதா என்று முனையை உள்ளேயே விட்டுப் பார்க்க வேண்டும், ஏறவில்லை என்றால் திரும்ப ஓவனுக்குப் போக வேண்டும். உங்கள் வீட்டில் பிள்ளையும் அம்மாவும் இருப்பதால், கை பழகும்வரை 74ஐ விட்டு இறங்க வேண்டாம் என்பது என் கருத்து.

சக்கையாவதற்குக் காரணம், கறியில் இருக்கும் ஆக்டின் என்ற புரதம் 65ஐத் தாண்டிய பிறகு சுருங்கித் தண்ணீரைப் பிழிந்து தள்ளுகிறது. நெஞ்சுக்கறியில் கொழுப்பும் இல்லை, நார்களைச் சேர்த்துக் கட்டும் கெட்டியான புரதமான கொலாஜனும் அதிகம் இல்லை, பிழிந்தால் மிச்சம் நார்தான். தொடையில் கொலாஜன் இருக்கிறது, அது கரைய நல்ல சூடும் நேரமும் வேண்டும், அதனால் தொடை 80க்கு மேல் போனாலும் ருசிதான் கூடும். ஒரே கோழியில் இரண்டு வித கறி இருப்பதுதான் உங்கள் உண்மையான பிரச்சினை. முதுகெலும்பை வெட்டி எடுத்துக் கோழியைத் தட்டையாக விரித்து வையுங்கள், தொடைக்குச் சூடு சீக்கிரம் போகும், நெஞ்சு காத்திருக்க வேண்டியதில்லை.

கரண்டிக்காரர்:

எல்லாரும் கோபித்துக்கொள்ள வேண்டாம், 30 வருடமாகக் கையால் அழுத்திப் பார்த்துத்தான் சமைக்கிறேன், ஒரு தடவையும் தவறவில்லை. கறியைக் கம்பியால் நாலு இடத்தில் குத்தினால் சாறெல்லாம் போய்விடாதா? தொட்டால் தெரியாததா எண்ணில் தெரியும்?

தணல்:

30 வருடக் கைக்கு நான் மரியாதை தருகிறேன், அந்தக் கை உங்களுக்கு இருக்கிறது. புதிதாகச் சமைப்பவர் அதை எங்கே போய் வாங்குவார்? கையால் அழுத்திப் பார்ப்பது ஒரே அளவு, ஒரே வகைத் துண்டைத் தினமும் சமைப்பவருக்கு நன்றாக வேலை செய்யும், ஆனால் முழுக் கோழியின் தொடை மூட்டுக்குள் விரல் போகாது. சாறு விஷயம் பயப்படும் அளவு இல்லை. கறி தண்ணீர் நிரப்பிய பை இல்லை, சாறு கோடிக்கணக்கான நார்களுக்குள் இருக்கிறது, மெல்லிய கம்பி ஒன்று போய் வந்தால் சில சொட்டுதான் வெளியே வரும். பத்து டிகிரி கூடுதலாக வேகவைத்தால் போகும் சாறு அதைவிடப் பல மடங்கு.

மழைக்காலம்:

கரண்டிக்காரர் சொன்னதில் ஒரு பாதி உண்மை இருக்கிறது, அதை விட்டுவிட வேண்டாம். நார் அதிகமான, கடினமான துண்டை மணிக்கணக்கில் மெதுவாக வேகவைக்கும்போது எண் மட்டும் போதாது. அது 63லேயே பாதுகாப்பாகிவிடும், ஆனால் மெல்ல முடியாது. கொலாஜன் கரைந்து நூல் நூலாகப் பிரிய 90, 95 வரை போக வேண்டும், அங்கேயும் கம்பி எதிர்ப்பே இல்லாமல் உள்ளே வழுக்கிக்கொண்டு போகிறதா என்று கைதான் சொல்லும். குறைந்த சூட்டு ஓவனில் திறந்து வைத்து வேகவைத்தால் 65, 70 பக்கம் எண் மணிக்கணக்கில் நகராமல் நிற்கும், மீட்டர் கெட்டுவிட்டது என்று நினைக்க வேண்டாம். கறியின் மேல் ஈரம் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, நமக்கு வியர்த்தால் குளிர்வது போல. தாளில் சுற்றி மூடினால் மறுபடி ஏறும்.

அகப்பை, உங்கள் மடக்குக் கம்பியை ஓவனுக்குள் விட்டுவிடாதீர்கள், பிளாஸ்டிக் உருகிவிடும். உள்ளேயே விட்டுவைக்க வேண்டுமென்றால் கேபிள் உள்ள வகை வேண்டும். அதிலும் கம்பி கேபிளோடு சேரும் இடத்தில் தண்ணீர் புகக் கூடாது, என்னுடைய முதல் மீட்டர் அப்படித்தான் போனது. பாத்திரத்தோடு சேர்த்துக் கழுவத் தொட்டியில் போட்டேன், மறுநாள் பச்சைக் கறியில் 140 காட்டியது.

முக்கியமான ஒன்றை யாரும் சொல்லவில்லை. அரைவேக்காட்டில் குத்திய முனையைத் துடைக்காமல் வெந்த பிறகு மறுபடி குத்தினால், பச்சைக் கறியின் கிருமியை நாமே வெந்த கறிக்குள் கொண்டுபோய் வைக்கிறோம். ஒவ்வொரு தடவையும் சோப்பு நீர் அல்லது ஆல்கஹால் பஞ்சால் துடையுங்கள். அப்புறம் சில மீட்டரில் எண்ணை நிறுத்தி வைக்கும் ஹோல்டு பட்டன் உண்டு, கை பட்டு அமுங்கிவிட்டால் பழைய எண்ணே நிற்கும். செல்சியஸ், ஃபாரன்ஹீட் மாற்றும் பட்டனையும் ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள்.

அகப்பை:

எல்லாருக்கும் நன்றி. ஐஸ் சோதனை செய்தேன், 0.6 காட்டியது, மீட்டர் நன்றாக இருக்கிறது.

இன்று கோழியை விரித்து வைத்தேன். 40 நிமிடத்தில் குத்தி மெதுவாக இழுத்தபோது தணல் சொன்னது கண்ணெதிரே நடந்தது, தொடையில் 84 காட்டியது இறங்கி இறங்கி 72இல் நின்று மறுபடி ஏறியது. போன வாரம் இருந்திருந்தால் 84ஐப் பார்த்தவுடன் எடுத்திருப்பேன். இன்னும் எட்டு நிமிடம் விட்டேன், தொடையில் ஆகக் குறைந்தது 79, நெஞ்சில் 74. எடுத்து வைத்துப் பத்து நிமிடம் கழித்து வெட்டினேன். எலும்போரம் இளஞ்சிவப்பு இன்றும் இருந்தது, ஆனால் எண் தெரிந்ததால் பயமில்லாமல் பரிமாறினேன். அம்மா நெஞ்சுக்கறியை இரண்டாவது தடவை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

ஒரே ஒரு சந்தேகம் மிச்சம். தட்டையான மெல்லிய துண்டு, இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லை, சட்டியில் போடுவது. மேலிருந்து குத்தினால் முனை சட்டியில் போய் முட்டி 120, 130 என்று ஓடுகிறது. அதற்கு என்ன வழி?

தணல்:

மேலிருந்து குத்தாதீர்கள். இடுக்கியால் துண்டைச் சட்டியிலிருந்து தூக்கிப் பிடித்து, பக்கவாட்டில், கனத்தின் நடுவில் முனை நிற்கும்படி உள்ளே விடுங்கள். மெல்லிய துண்டில் சூடு வேகமாக ஏறும், கடைசிப் பத்து டிகிரி ஒரு நிமிடத்துக்குள்கூட ஓடிவிடும், அதனால் நீங்கள் நினைக்கும் நேரத்துக்கு முன்பே பார்க்க ஆரம்பித்துவிடுங்கள்.