பசுங்கணிகம் இல்லாத செல்லும் தாவரச் செல்தானா?

கேள்வி | பதிந்தவர்: வகுப்பறை

வணக்கம். ஒன்பதாம் வகுப்பு மாணவர்களுக்கு உயிரியல் கற்பித்து வருகிறேன். தாவரச் செல்லின் படத்தைக் கரும்பலகையில் வரைந்து பாகங்களைக் குறித்துக் காட்டிய மறுநாள், வெங்காயத்தின் உட்புறத் தோலை உரித்து, அயோடின் கரைசலிட்டு, நுண்ணோக்கியில் பார்க்கச் செய்தேன். செங்கல் அடுக்கியதைப் போன்ற செல் சுவர்களும், செல்லுக்கு ஒன்றாக உட்கருவும் தெளிவாகத் தெரிந்தன. அப்போது ஒரு மாணவி, "நேற்று வரைந்த பச்சை மணிகள் இதில் ஒன்றுகூட இல்லையே, அப்படியானால் இது தாவரச் செல் இல்லையா?" என்று கேட்டாள். வெங்காயம் மண்ணுக்குள் வளர்வதால் பச்சையம் இல்லை என்று சொன்னேன். சொன்னது தவறில்லை என்றாலும், அவள் கேட்டதற்கு அது போதுமான விடை அன்று என்று எனக்கே தோன்றுகிறது.

அதைத் தொடர்ந்து மேலும் இரண்டு கேள்விகள் எழுந்தன. அந்தப் பச்சை மணிகளான பசுங்கணிகங்களே ஒளியிலிருந்து ஏ.டி.பி. என்னும் ஆற்றல் மூலக்கூறைத் தயாரித்துக்கொள்ளும்போது, சர்க்கரையிலிருந்து ஆற்றலை எடுக்கும் மைட்டோகாண்ட்ரியா தாவரத்துக்கு எதற்கு? படத்தில் பாதிக்கு மேல் இடத்தை அடைத்துக்கொண்டிருக்கும் வாக்குவோல் உண்மையில் காலியிடம்தானா? மனப்பாடமாகச் சொல்லப்படும் ஒரு வரி விடைகளைத் தவிர்த்து, காரணத்தோடு விளக்க விரும்புகிறேன். தெரிந்தவர்கள் உதவ வேண்டும்.

மறுமொழி 1 | பதிந்தவர்: இலைத்துளை

அந்த மாணவி மிகச் சரியான இடத்தில் கேட்டிருக்கிறாள். பாடப்புத்தகத்தில் நாம் வரையும் தாவரச் செல், எந்தச் செடியிலும் அப்படியே காணக் கிடைக்காது. இலையின் நடுப்பகுதியில் ஒளிச்சேர்க்கை செய்யும் செல்லை அடிப்படையாக வைத்துக்கொண்டு, எல்லாப் பாகங்களும் ஒரே படத்தில் தெரியும்படி கூட்டிச் சேர்த்த உருவம் அது. கற்பதற்கு அது வசதியாக இருக்கிறது என்பதில் ஐயமில்லை. ஆனால் அதுவே ஒவ்வொரு செல்லின் உருவமும் என்று மாணவர்கள் எண்ணிவிடுகிறார்கள்.

ஒரே செடிக்குள் செல்கள் எவ்வளவு வேறுபடுகின்றன என்பதற்கு நீரும் உணவும் செல்லும் குழாய்களே போதும். நீரை மேலே கொண்டுசெல்லும் சைலக் குழாயின் செல்கள், லிக்னின் என்னும் கடினப் பொருள் படிந்த தடித்த சுவரை அமைத்து முடித்ததும் இறந்துவிடுகின்றன. உட்கருவோ சைட்டோபிளாசமோ மிஞ்சாத அந்த வெற்றுக் கூடுதான் நீர் தடையின்றி ஏறுவதற்கு வழியாகிறது. சர்க்கரையைக் கடத்தும் புளோயத்தின் சல்லடைக் குழாய்ச் செல்லோ உயிருடன் இருக்கிறது. ஆனால் முதிரும்போது தன் உட்கருவையும் வாக்குவோலையும் இழந்துவிடுகிறது. அதை ஒட்டியிருக்கும் துணைச்செல்தான், இரண்டுக்கும் இடையிலுள்ள பிளாஸ்மோடெஸ்மாட்டா என்னும் நுண்வழிகள் மூலம் புரதங்களை அனுப்பி அதை வாழ வைக்கிறது. உட்கருவே இல்லாத அதுவும் தாவரச் செல்தான்.

பச்சை இலையிலும்கூட இந்த வேறுபாடு உண்டு. பெரும்பாலான பூக்கும் தாவரங்களின் இலை மேல்தோலில், இலைத்துளைகளைச் சூழ்ந்த காப்புச் செல்களைத் தவிர மற்றவற்றில் பச்சை நிறப் பசுங்கணிகங்கள் கண்ணுக்குத் தெரிவதில்லை.

மாணவர்கள் பச்சை மணிகளைப் பார்த்தே ஆக வேண்டும் என்றால் ஹைட்ரில்லா இலையைப் பயன்படுத்துங்கள். இரண்டே செல் அடுக்குத் தடிப்புள்ள இலை என்பதால் அதைச் சீவ வேண்டியதில்லை. ஒரு துளி நீரில் வைத்து மூடினால் போதும். சற்று நேரம் ஒளியில் வைத்துவிட்டு நடு நரம்பை ஒட்டிய செல்களைக் கவனித்தால், பசுங்கணிகங்கள் செல் சுவரோரமாக வரிசையாக நகர்ந்து செல்வதையும் பார்க்கலாம். சைட்டோபிளாசத்தின் ஓட்டம் அவற்றை இழுத்துச் செல்கிறது. செல் உயிருள்ளது என்பதை எந்த வரைபடத்தாலும் இப்படிக் காட்ட முடியாது.

மறுமொழி 2 | பதிந்தவர்: வேர்நுனி

மேலே சொல்லப்பட்டதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். வெங்காயத் தோலில் பசுங்கணிகம் இல்லை என்பதோடு நிறுத்திவிட வேண்டாம். கணிகங்கள் அங்கும் உண்டு, அவை நிறமற்றவை என்பதால் நம் கண்ணுக்குத் தெரிவதில்லை. வளர்நுனியிலுள்ள இளஞ்செல்களின் முன்கணிகங்கள், செல் எந்த வேலைக்குப் போகிறதோ அதற்கேற்ப மாறுகின்றன. இலையில் பசுங்கணிகமாகவும், கிழங்கில் ஸ்டார்ச்சைச் சேமிக்கும் அமைலோபிளாஸ்டாகவும், பழுத்த தக்காளியில் சிவப்பு நிறமி கொண்ட குரோமோபிளாஸ்டாகவும் இருப்பவை ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. உருளைக்கிழங்கை வெளிச்சத்தில் விட்டுவைத்தால் தோலடியில் பச்சை படர்வது, அங்கிருந்த அமைலோபிளாஸ்டுகள் பசுங்கணிகங்களாக மாறுவதால்தான். வேர் மூடியில் ஸ்டார்ச் மணிகளால் கனத்த அமைலோபிளாஸ்டுகள் செல்லின் அடியில் படிகின்றன. எந்தத் திசை கீழ் என்று வேர் அறிந்துகொள்வது அவற்றைக் கொண்டுதான். சேமிப்புப் பை என்று நாம் ஒரு வரியில் கடந்துவிடும் ஒன்று இந்த வேலையையும் செய்கிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாகவே இருக்கிறது.

மைட்டோகாண்ட்ரியா பற்றிய கேள்விக்கு வருகிறேன். பசுங்கணிகம் ஏ.டி.பி. தயாரிக்கிறது என்பது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் பசுங்கணிகத்துக்குள்ளேயே செலவாகிவிடுகிறது. பசுங்கணிகத்தின் உள்ளேயுள்ள தைலகாய்டு சவ்வில் ஒளியால் உண்டாகும் ஏ.டி.பி.யும், எலக்ட்ரான்களைச் சுமக்கும் என்.ஏ.டி.பி.எச்.சும், அச்சவ்வைச் சூழ்ந்த ஸ்ட்ரோமா என்னும் திரவப் பகுதியில் கார்பன் டைஆக்சைடைச் சர்க்கரையாக்கப் பயன்படுகின்றன. ஒரு கார்பன் டைஆக்சைடு மூலக்கூறை நிலைநிறுத்த 3 ஏ.டி.பி.யும் 2 என்.ஏ.டி.பி.எச்.சும் வேண்டும். பசுங்கணிகம் செல்லின் பிற பகுதிகளுக்கு முதன்மையாகத் தருவது மூன்று கார்பன் கொண்ட சர்க்கரை பாஸ்பேட்டைத்தான். சைட்டோபிளாசத்தில் அது சுக்ரோஸாக்கப்பட்டு, புளோயம் வழியே வேருக்கும் மொட்டுக்கும் கனிக்கும் போகிறது. இருளில் இருக்கும் வேர்ச் செல் அந்தச் சர்க்கரையிலிருந்து ஆற்றலைப் பெற மைட்டோகாண்ட்ரியாவைத் தவிர வேறு சிறந்த வழியில்லை. இலைச் செல்லுக்கும் இரவு உண்டு. பகலில் பசுங்கணிகத்துக்குள் சேர்த்து வைத்த ஸ்டார்ச்சை இரவில் சிதைத்தே அது வாழ்கிறது.

"தாவரங்கள் பகலில் ஒளிச்சேர்க்கை செய்கின்றன, இரவில் சுவாசிக்கின்றன" என்ற வாக்கியத்தைத் தயவுசெய்து வகுப்பிலிருந்து நீக்கிவிடுங்கள். சுவாசம் இரவும் பகலும் நடக்கிறது. பகலில் ஒளிச்சேர்க்கையின் அளவு மிகுதியாக இருப்பதால் சுவாசத்தில் வெளிவரும் கார்பன் டைஆக்சைடு வெளியே புலப்படுவதில்லை, அவ்வளவே. மைட்டோகாண்ட்ரியாவின் அகலம் ஏறத்தாழ 0.5 முதல் 1 மைக்ரோமீட்டர். பசுங்கணிகமோ 5 முதல் 10 மைக்ரோமீட்டர் வரை குறுக்களவு கொண்டது. சாயமேற்றாமல் பள்ளி நுண்ணோக்கியில் மைட்டோகாண்ட்ரியாவைக் காண இயலாது என்பதால், மாணவர்கள் அது விலங்குகளுக்கு மட்டுமே உரியது என்று எண்ணுவதும் உண்டு.

மறுமொழி 3 | பதிந்தவர்: நீர்ச்சாறு

வாக்குவோல் காலியிடம் அன்று. டோனோபிளாஸ்ட் என்ற சவ்வால் சூழப்பட்ட அதனுள் நீரோடு அயனிகளும் சர்க்கரைகளும் கரிம அமிலங்களும், சில செல்களில் நிறமிகளும் நச்சுப் பொருள்களும் கரைந்திருக்கின்றன. முதிர்ந்த செல்லின் கொள்ளளவில் 90 விழுக்காடு வரைகூட அதுவே நிரப்பியிருக்கும். இவ்வளவு இடத்தை அதற்குக் கொடுப்பதால் செல்லுக்கு என்ன பயன் என்பதைத்தான் மாணவர்கள் கேட்க வேண்டும். புரதங்கள் நிறைந்த சைட்டோபிளாசத்தைப் பெருக்குவது செலவு மிக்க வேலை. நீரை உள்ளே இழுத்து வாக்குவோலைப் பெரிதாக்குவதோ மலிவானது. அதனால்தான் ஒரு தாவரச் செல் குறைந்த செலவில் பல மடங்கு நீள முடிகிறது. அதோடு சைட்டோபிளாசம் சுவரோரமாக மெல்லிய ஏடுபோல் ஒதுக்கப்படுவதால், பசுங்கணிகங்கள் காற்றிடைவெளிகளுக்கு அருகில் இருந்து கார்பன் டைஆக்சைடை எளிதில் பெறுகின்றன.

நீர் நிறைந்த வாக்குவோல் சுவரின் மேல் செலுத்தும் விறைப்பழுத்தம், பல செல்களில் கார் டயரின் காற்றழுத்தத்தைவிடவும் கூடுதலாக இருக்கும். மரக்கட்டை இல்லாத இளந்தண்டும் இலையும் நிமிர்ந்து நிற்பது இந்த அழுத்தத்தால்தான்.

இதைக் கண்ணால் காட்டவும் முடியும். சிவப்பு வெங்காயத்தில் செதிலின் உட்புறத் தோலை விட்டுவிட்டு, நிறமுள்ள வெளிப்புறத் தோலை உரித்தெடுங்கள். அந்தச் செந்நிறம் வாக்குவோலில் கரைந்துள்ள ஆந்தோசயனின். 100 மில்லிலிட்டர் நீரில் 5 கிராம் உப்புக் கரைத்து, அதில் ஒரு துளியை விட்டுப் பாருங்கள். சில நிமிடங்களில் நிறப்பகுதி சுருங்கிச் சுவரிலிருந்து விலகும். சுவரோ இருந்த இடத்திலேயே நிற்கும்.

கேள்வியாளரின் பதில் | வகுப்பறை

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. இன்று அந்தச் சோதனையைச் செய்தோம். நிறம் சுருங்கியதும், உப்புநீரை ஒற்றியெடுத்துவிட்டுத் தூய நீர் விட்டபோது பல செல்களில் மீண்டும் நிறம் விரிந்தது, சிலவற்றில் விரியவில்லை. அதே மாணவி, "இப்படி நீர் உள்ளே போய்க்கொண்டே இருந்தால் செல் ஏன் வெடிக்கவில்லை?" என்று கேட்டாள். விடையைத் தானே தேடி வருமாறு சொல்லியிருக்கிறேன். நான் நினைப்பது சரியா என்று உறுதிசெய்துகொள்ள விரும்புகிறேன்.

மறுமொழி 4 | பதிந்தவர்: நீர்ச்சாறு

விடை செல் சுவரில் இருக்கிறது. இழுவிசையைத் தாங்கும் செல்லுலோஸ் நுண்ணிழைகள் ஹெமிசெல்லுலோஸ், பெக்டின் ஆகியவற்றுக்கிடையே பதிந்திருக்கின்றன. வாக்குவோல் பெருத்துச் சுவரை எவ்வளவு அழுத்துகிறதோ அவ்வளவு சுவரும் திருப்பி அழுத்துகிறது. அந்த எதிரழுத்தம் நீரை உள்ளிழுக்கும் சவ்வூடு பரவலுக்கு ஈடாகும் நிலையில், நிகரமாக நீர் நுழைவது நின்றுவிடும். சுவர் இல்லாத இரத்தச் சிவப்பணுவைத் தூய நீரில் இட்டால் அது வெடித்துவிடுகிறது என்பதையும் ஒப்பிட்டுச் சொல்லலாம்.

மீண்டும் விரியாத செல்கள் பெரும்பாலும் இறந்திருக்கும். செல் இறந்தால் சவ்வுகள் கட்டுப்பாட்டை இழந்து நிறமி வெளியே கசிந்துவிடும் என்பதால், அந்தச் செல்கள் வெளிறியிருந்தனவா என்று பாருங்கள். அடுத்த முறை உப்புநீரில் வைத்திருக்கும் நேரத்தைக் குறைத்தால் இன்னும் பல செல்கள் பழைய நிலைக்குத் திரும்பும்.